பொதுத் திருகு

ஆடிக்காற்று ஓய்ந்து ஆவணி பிறந்த வாரத்தில் எங்கள் வாய்க்கால் வீதியில் பதினொரு பேருடைய குரல் தொண்டையை விட்டுக் கிளம்பி, கீபோர்டு பிரபாவதி வீட்டு முன்னறையில் இருந்த மரப்பெட்டிக்குள் போய்க் குடியேறியது. ஏன் போயிற்று, எப்படிப் போயிற்று என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்பதற்கே காரணம் தெரியாத ஊரில் குரல் ஏன் போயிற்று என்பதற்கு மட்டும் யார் காரணம் வைத்திருக்கப் போகிறார்கள்.

முதலில் போனது இட்லிக்கடைப் பட்டாத்தாளின் குரல். மாவுக் குண்டாவில் வாய் வைத்த நாயை விரட்ட அவள் வாயைத் திறந்தாள், வெறும் காற்று வந்தது, நாய் நிதானமாகத் தின்று முடித்து அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அன்று காலை பிரபாவதி பெட்டியின் சுவிட்சைப் போட்டபோது, வழக்கமான ரீங்காரத்துக்குப் பதிலாகப் பட்டாத்தாள் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. மறுநாள் மஞ்சள் மண்டியில் ஏலம் விடும் கருப்பண்ணனின் குரல் போயிற்று, அடுத்து தையற்கடை ரங்கநாயகியினுடையது, அப்படியே வரிசையாக வாய்க்கால் ஓரத்து வீடுகளில் வீட்டுக்கு ஒன்றாகப் போய், கடைசியாகப் பிரபாவதியின் கணவன் மயில்சாமியின் குரல், அவன் சாயப்பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவி, சோறு போடச் சொல்ல வாயெடுத்த நேரத்தில் போயிற்று. அவள் எப்படியும் சோறு போட்டாள், அவனுக்குப் போனது அரை நாழிகை கழித்துத்தான் இருவருக்கும் தெரிந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பிரபாவதி மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவள். ஊரடங்கு காலத்தில் கச்சேரி இல்லாமல் வீட்டில் கிடந்தபோது, உடைந்த ஸ்பீக்கர் பெட்டியின் பலகையைச் சீவி அலமாரி மாதிரி ஒன்று செய்து, தபாலில் வரவழைத்த சின்னச் சின்ன சர்க்யூட் பலகைகளைச் சூடுகோலால் பற்றவைத்து, தானே ஒரு சிந்தசைசர் கட்டினாள். வாங்கியதைத் திறந்து வாசிப்பதல்ல அது, ஒவ்வொரு உறுப்பும் தனித்தனி, வயர் போட்டு இணைத்தால்தான் ஒன்றோடு ஒன்று பேசும். அதில் சத்தத்தைப் பிறப்பிக்கிற உறுப்புக்கு ஆசிலேட்டர் என்று பெயர், அப்படிப் பதினொன்று வைத்திருந்தாள். ஒரு சத்தத்துக்கு ஒன்று போதாதா, பதினொன்று எதற்கு என்று நாங்கள் கேலி செய்ததுண்டு. ஒற்றை இழை நூல் பனியனுக்கு ஆகுமா, இரண்டு மூன்று சேர்த்து முறுக்கினால்தானே பலம் என்று அவள் சொன்னாள். பனியன் ஊரில் பிறந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு ஆசிலேட்டருக்கும் ஒரு திருகு உண்டு. வலப்பக்கம் திருகினால் சுருதி ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். குரல் போனவர் தன்னுடைய ஆசிலேட்டரின் திருகில் விரலை வைத்துக்கொண்டு வாயசைத்தால், அவர் சொல்ல நினைத்தது அவர் குரலிலேயே ஸ்பீக்கரில் வந்தது. இதைக் கண்டுபிடித்ததும் பட்டாத்தாள்தான். முதல் வார்த்தையாக அந்த நாயைத் திட்டினாள். நாய் அங்கே இல்லை, ஆனால் கடன் தீர்ந்தது என்று அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

கோயமுத்தூர் பெரிய டாக்டர் எல்லாருடைய தொண்டையிலும் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள் என்றார். கொப்பளித்தார்கள். மாகாளியம்மன் கோயிலில் பூப்போட்டுக் கேட்டதற்கு வெள்ளைப்பூ வந்தது, நல்ல உத்தரவுதான் என்றார் பூசாரி, எதற்கு நல்லது என்று அவருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு நாங்கள் பழகிக்கொண்டோம். மனிதர்கள் எதற்குத்தான் பழகவில்லை, மேற்கே இருக்கிற ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் சாயம் கலந்து ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் பச்சையாகவும் வருவதைப் பார்த்து, இந்த வாரம் வெளிநாட்டுக்காரன் என்ன நிறத்தில் பனியன் போடப்போகிறான் என்று சொல்லப் பழகிக்கொண்டவர்கள்தானே நாம்.

பிரபாவதி வீட்டு வாசலில் பெஞ்சு போடப்பட்டது. ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு நிறத்தில் வயர் கேட்டார்கள், ரங்கநாயகி தன் வயருக்குக் குஞ்சம் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாள், மயில்சாமிக்குச் சிவப்பு. கருப்பண்ணன் ஏலத்தை முன்னறைக்கே கொண்டுவந்துவிட, ஈரோட்டு வியாபாரிகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிரபாவதி வீட்டு மிக்சிக்கும் கிரைண்டருக்கும் நடுவில் நின்று மஞ்சளுக்கு விலை கேட்டார்கள். ரங்கநாயகி மகளுக்கு மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து பேசி முடித்ததும் அந்த அறையில்தான், சம்பந்தியம்மாள் பெட்டியைப் பார்த்தே கும்பிட்டுவிட்டுப் போனாள். பட்டாத்தாளின் மருமகள் ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து மாமியாரின் திருகைப் பிடித்து வாயசைத்து, மாமியார் குரலிலேயே தன்னைப் புகழ்ந்து பேசிக் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்துபோய் ரகளையானது. அன்றைக்குத்தான் ஒரு கட்டு போட்டோம்: அடுத்தவர் திருகைத் தொடுவது அடுத்தவர் வாய்க்குள் கை விடுவதற்குச் சமம், யாரும் செய்யக்கூடாது.

இன்னொன்றையும் பழகிக்கொண்டோம். வெயில் ஏறினால் ஆசிலேட்டர்கள் நிலை கொள்ளாது. காலைக் குளிர்ச்சியில் சரியாக இருக்கிற குரல் உச்சிப்பொழுதில் தன் இஷ்டத்துக்கு விலகும், அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம். பட்டாத்தாளின் குரல் மேலே ஏறிச் சின்னப் பிள்ளைக் குரலாகிவிடும், மயில்சாமியினுடையது எருமை கனைக்கிற மாதிரி இறங்கிவிடும். அதனால் முக்கியமான பேச்சுகளை விடிகாலையில் வைத்துக்கொண்டு, மத்தியானத்தில் சும்மா ஊர்வம்பு பேசினோம்.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி மாதம் மாகாளியம்மன் திருவிழா வந்தது, பிரபாவதிக்குள் இருந்த கச்சேரிக்காரி சும்மா இருக்கவில்லை. பெட்டியைக் கோயில் முன்னால் கொண்டுபோய் வைத்து, பதினொரு வயர்களையும் அவரவர் திருகிலிருந்து பிரித்து, ஒரே ஒரு புதுத் திருகில் கொண்டுவந்து கோத்தாள். கறுப்பு நிறத்தில், எலுமிச்சம்பழம் அளவில் இருந்த அதைப் பொதுத் திருகு என்று நாங்கள் கூப்பிட்டோம். அதிலிருந்து போகிற வோல்டேஜ் ஏறினால் பதினொன்றும் சேர்ந்து ஏறும், இறங்கினால் பதினொன்றும் சேர்ந்து இறங்கும். தேர்வடம் ஒன்றுதான், ஆனால் இழுக்கிறவன் அவனவன் நிற்கிற இடத்திலிருந்துதானே இழுக்கிறான், அதனால் இவை எல்லாம் ஒரே இடத்தில் நின்றால்தான் ஒரே சத்தமாக வரும் என்று சொல்லி, சாயங்காலக் குளிர்ச்சியில் உட்கார்ந்து பதினொன்றையும் ஒரே சுருதியில் நிறுத்தினாள். பிறகு பொதுத் திருகைப் பிடித்துக்கொண்டு அம்மன் பாட்டுக்கு வாயசைத்தாள்.

பதினொரு குரலும் ஒரே குரலாகப் பாடின. அப்படி ஒரு சத்தத்தை நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை, சாமி வந்து ஆடினவர்களே ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள், கண்ணில் தண்ணீர் வராதவர் இல்லை. பட்டாத்தாள் மட்டும் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை வயர்களைப் பழையபடி அவரவர் திருகில் செருகியதும், தன் திருகைப் பிடித்து அவள் சொன்னது இதுதான்: "என்ற கொரல்தான் பாடுச்சு அம்மிணி, ஆனா நான் பாடலியே." பிரபாவதி சிரித்துத் தட்டிக்கழித்தாள். நாங்களும் கிழவிக்கு வயிற்றெரிச்சல் என்று சிரித்தோம். அன்று முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து முதலாளி சிரிக்கவில்லை, அவர் பெட்டியையும் பார்க்கவில்லை, அந்த ஒரு திருகையும் அதன்மேல் இருந்த ஒரு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்துவுக்கு இரண்டு சாயப்பட்டறைகள். மூன்றாவதை எங்கள் வாய்க்காலின் தலைமாட்டில் கட்ட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அது வந்தால் மாகாளியம்மன் கோயில் கிணற்றின் கதி என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். சுற்றுவட்டாரத்தில் இன்னும் நிறமில்லாத தண்ணீர் ஊறுவது அந்த ஒரு கிணற்றில்தான். அதில் கயிறு போடும் பாத்தியம் வாய்க்கால் ஓரத்துப் பதினொரு வீட்டுக்கு, வீட்டுக்கு ஒரு கயிறு ஓடும் சகடை, அந்தப் பதினொரு வீட்டில் வாங்கித்தான் மற்ற வீடுகளும் குடிக்கின்றன. பட்டறைக்கு உத்தரவு கொடுப்பதற்கு முன்னால் அதிகாரிகள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்க வேண்டும், கிணற்றுப் பாத்தியக்காரர்கள் சம்மதித்தால் பட்டறை, மறுத்தால் இல்லை. வீட்டுக்கு ஒரு வாய் என்பது எங்கள் ஊர்க்கட்டு. பொதுக்கூட்டத்தில் அந்த வாய் பேசும், அது இருக்கும்வரை அந்த வீட்டில் வேறு யாரும் எழுந்து பேச மாட்டார்கள். அந்தப் பதினொரு வாயும்தான் இப்போது பெட்டிக்குள் இருந்தன.

முதலாளி மயில்சாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். மயில்சாமி அவருடைய பட்டறையில் பாய்லர் பார்க்கிறவன், பத்தொன்பது வயதிலிருந்து அந்த நெருப்புக்கு எதிரில் நின்று முன்பக்கம் ஒரு நிறமும் பின்பக்கம் ஒரு நிறமுமாக ஆகிப்போனவன். அவனை நாற்காலியில் உட்காரச் சொல்லி, இளநீர் கொடுத்து, சென்னையிலிருந்து ஒரு சவுண்டு இன்ஜினியர் வருவதாகவும், அவன் எல்லார் குரலையும் தொண்டைக்கே திருப்பிவிடுவான் என்றும், அதற்குப் பெட்டி வேண்டும் என்றும் முதலாளி சொன்னார். தரமாட்டேன் என்றால் நாளையிலிருந்து பாய்லருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக, இளநீரை அவன் குடித்து முடிக்கிறவரை காத்திருந்து, அதையும் சொன்னார்.

பிரபாவதி தாராபுரத்துக் கச்சேரிக்குப் போயிருந்த நாளில் பட்டறை வேன் வந்தது. மயில்சாமி கதவைத் திறந்துவிட்டான்.

அவள் திரும்பி வந்தபோது முன்னறைத் தரையில் பெட்டி இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. யார் திறந்தது என்று கேட்டாள். பதில் சொல்லக் குரல் இல்லாத மயில்சாமி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அவள் கத்தவில்லை, பாத்திரத்தை எறியவில்லை. "பத்துப் பேரு நம்மூட்டுக் கதவ நம்பித்தான் கொரல வெச்சிருந்தாங்க மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவனிடம் பேசவில்லை. பேச முடியாதவனிடம் பேச மாட்டேன் என்று ஒருத்தி இருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை, ஒரே வீட்டில் இரண்டு ஊமைகளாக அவர்கள் நடமாடினார்கள்.

வீதியும் அப்படித்தான் ஆயிற்று. கருப்பண்ணன் மண்டிக்குப் போய் விரலைக் காட்டி ஏலம் விட்டு, விரலைத் தவறாக எண்ணிய வியாபாரிகளிடம் அடி வாங்காத குறையாகத் திரும்பினார். பட்டாத்தாள் கரண்டியால் தட்டி இட்லி விற்றாள், அந்த நாய் மறுபடி வர ஆரம்பித்தது. பெட்டியைத் திருப்பிக் கேட்கப் போன எங்களை, கூட்டம் முடிந்ததும் பத்திரமாக வந்துவிடும் என்று பட்டறை கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பொதுத் திருகு யார் கையில் இருக்கிறது என்பது அப்போதுதான் எங்கள் மண்டைக்கு ஏறியது. பட்டாத்தாள் பங்குனியிலேயே சொன்னாள், நாங்கள்தான் சிரித்தோம்.

கூட்டம் சித்திரை மாதம், பட்டறைக்குப் பக்கத்துக் காலி மைதானத்தில், தகரக் கூரை போட்ட பந்தலில், உச்சிவெயில் நேரத்தில் நடந்தது. நேரத்தைக் குறித்தது முதலாளி, வெயிலில் ஊர் ஜனம் நிறைய வராது என்று கணக்குப் போட்டிருந்தார். சென்னையிலிருந்து வந்த நிர்மல் என்ற இன்ஜினியரைக் குறை சொல்ல முடியாது, அவன் தன் தொழில் தெரிந்த பையன். ஏசி போட்ட ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பதினொன்றையும் மறுபடி பொதுத் திருகில் கோத்து, இம்மியும் பிசகாமல் ஒரே சுருதியில் நிறுத்தி, வெயிலில் இது தாங்காது என்று முதலாளியிடம் சொல்லி, ஆளுயர ஏர்கூலர் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பெட்டியை நோக்கி வைத்திருந்தான். கூலரைப் பார்த்துக்கொள்ளவும் தண்ணீர் ஊற்றவும் மயில்சாமியை நிறுத்தியிருந்தார்கள். பதினொரு பேரில் மற்றப் பத்துப் பேர் பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார, பிரபாவதி எங்களோடு, கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப்புறம் நின்றாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரியம்மாள் கண்டிப்பானவர், ஆனால் காகிதத்தில் இருப்பதை நம்புகிறவர். பாத்தியக்காரர்கள் உடல்நலக் குறைவால் கருவி மூலம் கருத்துத் தெரிவிப்பார்கள் என்று காகிதத்தில் இருந்தது, ஆகவே அவருக்கு அதில் வியப்பொன்றும் இல்லை. நிலம், வாய்க்கால், கிணறு என்று மூன்றையும் தனித்தனியாகப் படித்து மூன்று முறை சம்மதம் கேட்பது விதி என்றார். முதலாளி பெட்டிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொதுத் திருகை வயர்களோடு இழுத்து மடியில் வைத்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

நிலத்தைப் பற்றிப் படித்து முடித்து, சம்மதமா என்று அதிகாரியம்மாள் கேட்டார். துண்டுக்குப் பின்னால் ஓர் அசைவு தெரிந்தது.

"சம்மதமுங்க" என்று பதினொரு குரலும் ஒரே குரலாகச் சொல்லின. திருவிழாவில் எங்களை அழவைத்த அதே சத்தம்தான், இப்போது அதைக் கேட்டுக் கயிற்றை முட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தோம். கருப்பண்ணன் எழுந்து இல்லை இல்லை என்று கையை ஆட்டினார், உடல்நலமில்லாதவர் என்று இரண்டு பேர் அவரை அணைத்து உட்காரவைத்தார்கள். பட்டாத்தாள் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதிகாரியம்மாள் எழுதினார்.

எழுதும்போது அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை காகிதத்தில் விழுந்தது, அவர் கோப்பை எடுத்து விசிறிக்கொண்டார். அங்கேதான் நாச்சிமுத்து முதலாளி எங்கள் பக்கத்து மனிதர் யாராயிருந்தாலும் செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தார். வீட்டுக்கு வந்தவர் வியர்த்தால் விசிறியைத் தன் பிள்ளை பக்கமிருந்து எடுத்து அவர் பக்கம் திருப்புவது நம் வழக்கம், வந்தவர் அதிகாரியாகவும் இருந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. பதறிப்போய், உட்கார்ந்தபடியே, மேடத்துக்கு வெக்கையாக இருக்கிறதே, இதைக்கூடப் பார்க்க மாட்டாயா என்று மயில்சாமியைக் கடிந்து, கூலரை அந்தம்மாள் பக்கம் திருப்பச் சொன்னார். நிர்மல் ஓடிவந்து வேண்டாம் சார் என்றான், மரியாதை தெரியாத பையன் என்பதுபோல முதலாளி அவனைப் பார்த்தார். மயில்சாமி திருப்பினான். தகரத்தின் சூடு பெட்டியின்மேல் இறங்கியது.

அதிகாரியம்மாள் வாய்க்காலைப் பற்றி நிறுத்தி நிதானமாகப் படித்தார், குளிர்ந்த காற்று கிடைத்துவிட்டதால் அவசரமில்லை. சம்மதமா என்று கேட்டு முடித்தபோது பதினொன்றும் சேர்ந்துதான் சொல்லின, ஆனால் சொல் நேராக வரவில்லை, அலை அலையாக, உள்ளே யாரோ நெஞ்சில் அடித்துக்கொள்வதுபோலத் துடித்துத் துடித்து வந்தது. கயிற்றுக்கு இந்தப்புறம் பிரபாவதி என் கையைப் பிடித்தாள். சுருதி விலகிய இரண்டு சத்தங்கள் சேர்ந்தால் அப்படித்தான் துடிக்கும் என்று அவள் ஒரு காலத்தில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள், நாங்கள் நூல் முறுக்கோடு நிறுத்திக்கொண்டோம். நிர்மல் குனிந்து முதலாளி காதில் ஏதோ சொன்னான். முதலாளி நிமிர்ந்து, கூலரைப் பெட்டிப் பக்கம் திருப்பு என்று மயில்சாமிக்குக் கண்ணால் காட்டினார்.

மயில்சாமி கூலரின்மேல் கையை வைத்தான். இதுவரை அந்தக் கண் காட்டியதை எல்லாம் செய்தவன் அவன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அவன் கயிற்றுப் பக்கம் திரும்பி, கூட்டத்தில் தன் பெண்டாட்டியைத் தேடினான், கண்டுபிடித்தான். பிறகு கையை எடுத்து மார்போடு கட்டிக்கொண்டு, மரியாதையாகத் தலையைக் குனிந்து, மாட்டேன் என்று ஆட்டினான். முதலாளி மறுபடி கண்ணைக் காட்டினார், விரலை ஆட்டினார், பல்லைக் கடித்தார். எழுந்து போய்த் தானே திருப்பலாம் என்றால் மடியில் திருகு, அதிகாரியம்மாள் முகத்துக்குக் காற்று, அதை எப்படிப் பிடுங்குவது. மயில்சாமி நின்ற இடத்திலேயே நின்றான். பாய்லருக்கு எதிரில் நின்று பழகியவனை ஒரு பார்வையால் சுட்டுவிட முடியுமா.

மூன்றாவதாகக் கிணறு வந்தது. கேள்வி முடிவதற்குள் முதலாளி அவசரமாக வாயசைத்தார். அப்போது அந்தப் பெட்டியிலிருந்து வந்ததைச் சத்தம் என்று சொல்வதா, வேறு என்னவென்று சொல்வது. பதினொன்றும் ஒரே திருகுக்குக் கட்டுப்பட்டு ஒரே அளவுதான் ஏறின, ஆனால் அவையவை விலகி நின்ற இடத்திலிருந்து ஏறின, பட்டாத்தாளுடையது உச்சாணியிலிருந்தும் மயில்சாமியினுடையது பாதாளத்திலிருந்தும் மற்றவை நடுவில் ஆளுக்கொரு படியிலிருந்தும் ஏறின. ஒன்றை ஒன்று இடித்துத் துடித்த துடிப்பில் கூரைத் தகரத்தின் ஆணிகள் கழன்றன, மேசைமேல் தம்ளர்கள் தண்ணீரைத் துப்பின, நாற்காலிகள் அரை அடி நகர்ந்து நின்றன, பட்டறைக்குள் தொட்டிகளில் இருந்த சாயம் எழுந்து எழுந்து விழுந்தது. முதலாளி திருகை அழுத்தி அழுத்திப் பிடிக்க, அது இன்னும் வேகமாகத் துடித்தது. அந்தத் துடிப்புக்கு நடுவில் சம்மதம் என்ற சொல் ஈரச்சுவரில் எழுதிய கரியைப்போல அழிந்துபோயிற்று.

"என்ன சொல்றாங்க?" என்று அதிகாரியம்மாள் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். "எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியல."

மயில்சாமி பெட்டியிடம் போனான். பொதுத் திருகில் கோத்திருந்த தன் சிவப்பு வயரைப் பிடுங்கினான், தன் திருகில் செருகினான், அதன்மேல் விரலை வைத்தான். எருமைக் குரல்தான், வெயிலுக்கு இறங்கிய குரல், ஆனால் அவனுடையது.

"எனக்குச் சம்மதமில்லீங்க," என்றான்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பட்டாத்தாள் தன் வயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டு, ஐந்து வயதுப் பிள்ளைக் குரலில், சம்மதமில்லை என்றாள், முன்னால் இரண்டு முறை சம்மதம் என்றீர்களே என்று அதிகாரியம்மாள் கேட்டதற்கு, "அது எங்க வாயில்லீங்க அம்மிணி, அவுரு மடியில கெடக்குது பாருங்க," என்று முதலாளியின் மடியைக் காட்டினாள். அதிகாரியம்மாள் எட்டிப் பார்த்தார். முதலாளி துண்டை எடுத்துத் திருகின்மேல் போட்டார், அதற்குள் வாய் வெளியே தெரிந்துவிட்டது, பாவம் மனிதரிடம் இருந்தது ஒரே துண்டு. கருப்பண்ணன் ஏலம் விடுகிற ராகத்தில் மூன்று தரம் மறுத்தார். ரங்கநாயகி குஞ்சத்தை ஆட்டி ஆட்டி மறுத்தாள். பதினொரு பேரும் பதினொரு சுருதியில் மறுத்தார்கள், அதிகாரியம்மாள் முன்னால் எழுதியதை அடித்துவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிக்கொண்டார்.

பெட்டியைக் கைவண்டியில் ஏற்றி நாங்களே தள்ளிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் ஒரே இரைச்சல், நான்தான் முதலில் எழுந்திருக்க வேண்டியது, நீ ஏன் தள்ளினாய், உன் வயர் என் வயரில் சிக்கியது என்று ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். கிணற்றடிக்கு வந்து தண்ணீர் சேந்தும்போதுதான், பெட்டியின் பிளக் மண்ணில் இழுபட்டுக்கொண்டு வந்திருக்கிறது, இவ்வளவு நேரமும் அதில் கரண்ட் இல்லை என்பதைப் பட்டாத்தாள் கவனித்தாள். ஒரு கணம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு மூடினால் போய்விடுமோ என்று பயந்து மறுபடி பேச ஆரம்பித்தார்கள்.

மயில்சாமி பெண்டாட்டி பக்கத்தில் வந்து நின்று "பிரபா" என்று கூப்பிட்டான். குரல் அதே பாதாளத்தில்தான் இருந்தது, வாளி அதிர்ந்தது. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மெதுவா மாமா, ஊரே திரும்பிப் பாக்குது," என்றாள், சொல்லிவிட்டு முதல் வாளித் தண்ணீரை அவனுக்குச் சாய்த்தாள். அவன் குடித்தான், அழுதான், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. அன்று சாயங்காலமே அவனுக்கு வேலை போயிற்று என்று ஆள் வந்து சொன்னான். சொல்லவந்தவனுக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்கள், அவன் ஊர்க் கிணற்றில் அந்த வாரம் ஊதா.

தொண்டைக்குத் திரும்பிய குரல்கள் வெயில் விட்ட இடத்திலேயே நின்றுவிட்டன. பட்டாத்தாள் இன்றைக்கும் சின்னப்பிள்ளைக் குரலில்தான் நாயைத் திட்டுகிறாள், அது பயப்படுவதில்லை. கூட்டத்தில் முதலாளியின் மடியிலிருந்து உருண்டு விழுந்த பொதுத் திருகை அவள்தான் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், இப்போது அது அவள் இட்லிக் குண்டா மூடிக்குக் கைப்பிடி. நாச்சிமுத்து விடவில்லை, வருஷத்துக்கு ஒரு முறை மூன்றாம் பட்டறைக்கு மனுப் போடுகிறார், நாங்களும் வருஷத்துக்கு ஒரு முறை போய் ஆளுக்கொரு சுருதியில் மாட்டோம் என்று சொல்லிவிட்டு வருகிறோம். ஒன்றாகச் சேர்ந்து சொல்லுங்களேன், நேரம் மிச்சமாகும் என்று ஒரு தடவை ஓர் அதிகாரி யோசனை சொன்னார். நாங்கள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தாளை எடுத்துப் பதினொரு முறை எழுதினார்.

திருவிழாவில் எங்கள் அம்மன் பாட்டு ஒரு சுருதியில் நிற்பதே இல்லை. ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்குவார், கேட்கிறவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், வெளியூர் ஒறம்பரை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். சிரிக்கட்டும். சிரித்துச் சிரித்து நா வறண்டுபோனால் குடிக்கத் தண்ணீர் எங்கள் கிணற்றில்தான் இருக்கிறது.